மண் போடாதவன்

வெலிலேயின் இடுப்பு முழுதாகக் கெட்டும் போகவில்லை, நல்லபடியாக இருக்கவும் இல்லை. தொந்தரவே அதுதான். கால் போனவனைப் பார்த்தால் எவனுக்கும் தெரியும். கண் போனவனைப் பார்த்தாலும் தெரியும். இடுப்பெலும்பு நொறுங்கி, மூன்று ஆணி வைத்து முடுக்கி, பாதி கூடியும் பாதி கூடாமலும் நடமாடுகிறவனை வெளியிலிருந்து பார்த்து என்ன சொல்வது? சில நாள் காலையில் ஆள் மாதிரி எழுந்திருப்பான். சில நாள் பெண்டாட்டி நொபாந்து அவன் இரண்டு காலையும் பிடித்து ஓரத்துக்கு இழுத்துக் கட்டிலை விட்டு இறக்கவேண்டும். அரசாங்கத்துக்கு ஒரே பதில்தான் வேண்டும். முடியுமா, முடியாதா. அந்தப் பதில் வெலிலேயிடம் இல்லை.

பிளாட்டினச் சுரங்கத்தில் பாறை சரிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவன் மேல் கிடந்த கல்லைக் கையாலேயே பொறுக்கி எடுத்தவன் மோன்டே, இவனைப் போலவே குபெங்கா ஊர்க்காரன். கூரை இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது, மேஸ்திரி வெளியே வா வெளியே வா என்று கத்துகிறான், இவன் காது கேட்காதவன் போல நாலு மணி நேரம் கல் பொறுக்கினான். வலது கையில் மூன்று நகம் அன்றைக்குப் போனது. போனது போனதுதான்.

சுரங்கம் கொடுத்த பணம் ஆஸ்பத்திரியிலேயே கரைந்தது. பிறகு ஊனமுற்றோருக்கான உதவித்தொகை. ஊரில் கிராண்ட் என்பார்கள். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் ராண்ட். எட்டுப் பேர் சாப்பிடுகிற வீட்டில் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் அடுப்பெரிக்கப் பாரஃபினும் அதில்தான். அதையும் டாக்டர் ஒரு வருஷத்துக்குத்தான் எழுதுவார். வருஷம் முடிந்ததும் மறுபடி போய் நிற்கவேண்டும், ஐயா நான் இன்னும் உடைந்துதான் இருக்கிறேன் என்று.

அக்டோபரில் ஊர்ச் சங்கத்தின் கம்பளிக் கொட்டகை திறக்கும். மேட்டுமேய்ச்சலில் இருந்து ஆடுகளை ஓட்டிவந்து அடைப்பார்கள். கத்தரிக்காரர்கள் ஆட்டை மல்லாக்க உட்காரவைத்து வயிற்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். ரோமம் ஒரே விரிப்பாகக் கழன்று வரும். அதைத் தூக்கி மரச்சட்ட மேசைமேல் வீசுவார்கள். வெலிலே நிற்பது அங்கே. சாணி ஒட்டிய ஓரத்தைப் பிய்த்து எறிவான். வயிற்று ரோமத்தைத் தனியே ஒதுக்குவான். முள்ளும் சிவப்பு முடியும் பொறுக்குவான். ஒரு கொத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காதருகே வைத்து விரலால் சுண்டுவான். நல்ல புல் தின்ற ஆட்டு ரோமம் கம்பி மாதிரி சத்தம் கொடுக்கும், பஞ்சத்தில் நின்ற ஆட்டு ரோமம் நடுவில் அறுந்துபோகும். வாரத்துக்கு இரண்டு நாள். மேசையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றால் மதியம் வரை ஓடும். இடுப்பு சொன்ன பேச்சுக் கேட்கிற நாளில் மூட்டை அழுத்துகிற நெம்புகோலையும் இழுப்பான். ரோமத்து எண்ணெய் ஊறி அவன் உள்ளங்கை அந்த மூன்று மாதமும் பச்சைப்பிள்ளைக் கை போல மெத்தென்று இருக்கும்.

ஆனால் சங்கத்து நோட்டில் அவன் பெயர் கிடையாது. கூலி நொபாந்து பெயரில் ஏறும். காரணம் ஜ்வாரா கிழவன். கிழவனுக்குக் கிராண்ட் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மக்காச்சோள மூட்டையைத் தோளில் வைத்து ரோட்டில் போனான், வெள்ளைக் கார் ஒன்று பக்கத்தில் மெதுவாகப் போனது, அடுத்த மாதம் பணம் நின்றது. இதை ஊரில் பிறந்த குழந்தையும் சொல்லும். அதிலிருந்து குபெங்காவில் கிராண்ட் வாங்குகிறவன் எவனும் கார் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவான்.

மோன்டே செத்த வாரம் வியாழக்கிழமை வெலிலே கொட்டகையில்தான் இருந்தான். சுரங்கத் தூசி எட்டு மாதமாக மோன்டேயின் நெஞ்சை அரித்து, ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டது. சனிக்கிழமை அடக்கம். வீட்டில் உட்கார்ந்தால் நினைப்பு வருகிறது என்று வெலிலே வேலைக்கு வந்து, நெம்புகோலை வேண்டுமென்றே பலமாக இழுத்துக்கொண்டிருந்தான்.

"தோலோ, மெதுவா இழு. கிராண்ட் ஆபீஸ் வரைக்கும் சத்தம் கேக்குது," என்றான் தாம்சா. கத்தரிக்காரன். வெலிலேயைக் குலப்பெயரில் கூப்பிட்டாலும் மரியாதை அத்தோடு சரி.

"ஆபீஸ்காரனுக்குக் காது இருந்தா நாம ஏன்டா வெயில்ல வரிசையில நிக்கிறோம்?"

"உன் இடுப்பு கெட்டிக்கார இடுப்பு அண்ணே. மூட்டையப் பாத்தா எந்திரிச்சு நிக்குது, டாக்டரப் பாத்தா படுத்துக்குது."

"உன் வாய அந்த டாக்டர்கிட்டக் காட்டு. பாத்த உடனே ஆயுசுக்கும் கிராண்ட் எழுதிருவான்."

ரோமம் பெருக்குகிற பெண்கள் சிரித்தார்கள். வெலிலேயும் சிரித்தான். தாம்சா ஆட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தான்.

"சனிக்கிழமை மோன்டே வீட்டு ஆளுங்க போட்டு முடிச்சதும் அடுத்த மண்ணு நீதான். பெரியவர் மஜோலா சொல்லிட்டாரு."

"அத அவர் வேற சொல்லணுமா?" என்றான் வெலிலே.

சனிக்கிழமை காலையில் மலைப் பக்கமிருந்து ஊசி மாதிரி காற்று. ரோமம் வெட்டின ஆடுகள் தொழுவத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மோன்டே வீட்டு வாசலில் கூடாரம், பின்னால் ஏழு இரும்புப் பானை. உடைத்த மக்காச்சோளமும் அவரையும் ஒன்றில், மாட்டுக்கறி நாலில். பிரசங்கி பேசினார், சங்கத்துக்காரன் பேசினான், கூடச் சுரங்கத்தில் இருந்தவன் என்று வெலிலேயும் இரண்டு வார்த்தை பேசினான். நகம் போன கதையைச் சொன்னான். பெண்கள் அழுதார்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் கீழ்க்கோடிக்கு நடக்கும்போது நொபாந்து அவன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

"அந்தக் கறுப்புக் கோட்டு போட்டவ, கையில போன் வெச்சிருக்காளே, யாரு தெரியுமா?"

"யாரா இருந்தா என்ன?"

"கிராண்ட் ஆபீஸ்ல மூணாம் நம்பர் ஜன்னல்."

அவன் நடை குறைந்தது.

"பேரு லுலாமா. புமெஸாவோட அக்கா மகளாம்," என்றாள் நொபாந்து. புமெஸா மோன்டேயின் பெண்டாட்டி. "செவ்வாக்கிழமை உன் காகிதத்தப் பாக்கப் போறவ அவதான். நீ மண்வெட்டியத் தொடாத."

"பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு? மோன்டே குழி இது."

"மோன்டே செத்துட்டான். வீட்ல எட்டு வாய் இன்னும் சாகல."

"பத்துத் தடவ அள்ளிப் போட்டா என்னடி ஆயிரும்?"

"ஜ்வாரா கிழவன் எத்தன மூட்ட தூக்கினான்? ஒண்ணு." அவள் முன்னால் போய்ப் பெண்களோடு சேர்ந்துகொண்டாள்.

அந்தப் பக்கத்தில் குழி மூடுவது ஆண்கள் வேலை. கூலிக்கு ஆள் வைப்பது கிடையாது, இயந்திரம் கிடையாது. ஒருவன் பத்துப் பன்னிரண்டு தடவை அள்ளிப் போட்டதும் அடுத்தவன் வந்து கையை நீட்டுவான். ஒரு பேச்சும் இருக்காது. பெண்கள் பாடுவார்கள், மண்வெட்டி கை மாறும், மண் ஏறும். எண்பது வயசுக்காரனும் இரண்டு தடவையாவது போடுவான். கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையால் ஒரு பிடி போட்டவர்களும் உண்டு. போடாமல் நிற்கிறவன் இரண்டே ஜாதி. செத்தவனோடு பகை உள்ளவன், இல்லை செத்தவன் சாவில் கை உள்ளவன்.

மோன்டேயின் தம்பிகள் போட்டார்கள். மஜோலா பெரியவர் மண்வெட்டியை வாங்கி வெலிலே பக்கம் நீட்டினார்.

"தோலோ."

வாங்கத்தான் நினைத்தான். இடுப்பு அன்றைக்கு நன்றாகவே இருந்தது. சாவு நாளில் இப்படி நன்றாக இருக்கிறதே என்று காலையில் அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஒரு காலை முன்னே வைத்தான். அதே நேரம் எதிர்ப்பக்கம் கறுப்புக் கோட்டு போனை உயர்த்தியது. ஜொகன்னஸ்பர்க்கில் இருந்து வர முடியாத சொந்தக்காரனுக்குப் படம் பிடிக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது கண்ணாடி வில்லை ஒன்றுதான், அது அவனையே பார்த்தது.

அவன் கை மண்வெட்டிக்குப் போகவில்லை. இடுப்புக்குப் போனது.

"இடுப்பு," என்றான். "இன்னைக்கு ஆகல."

பெரியவர் நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. கிழவருக்குக் காது கேட்கவில்லையோ என்று தோன்றும் அளவுக்கு நீட்டிக்கொண்டே நின்றார். பிறகு தாம்சா வந்து வாங்கினான். அவன் பத்தோடு நிறுத்தவில்லை, இருபதுக்கு மேல் போட்டான். பாதிக்கு மேல் யார் கணக்கு என்று வாயால் சொல்லவில்லை. வியாழக்கிழமை ரோமம் பெருக்கிய பெண்கள் இரண்டு பேர் பாட்டின் நடுவில் வாயை மூடிக்கொண்டு வெலிலேயைப் பார்த்தார்கள்.

குழியிலிருந்து வருகிறவர்கள் கை கழுவ வாசலில் தொட்டித் தண்ணீர் வைத்திருந்தது. அவன் கையில் மண் இல்லை. ஆனாலும் கழுவினான். கழுவாமல் போனால் இன்னும் கேவலம்.

சாப்பாட்டில் ஆண்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. தாம்சாவாவது கிண்டல் பண்ணியிருக்கலாம். அவனும் பண்ணவில்லை. "இந்தா, எலும்பில்லாத கறி," என்று ஒரு துண்டை எடுத்து வெலிலே முன்னால் வைத்தான், நோயாளிக்கு வைப்பதுபோல. அவன் அதை அப்படியே விட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் நொபாந்து கேட்டாள். "இப்ப என்ன கொறஞ்சு போச்சு?"

"ஒண்ணும் கொறையல."

"செத்தவனுக்குக் கண்ணு தெரியாது தோலோ. ஜன்னல்ல உக்காந்திருக்கிறவளுக்குத் தெரியும்."

"உயிரோட இருக்கிற நாப்பது பேருக்குக் கண்ணு தெரியும்டி."

"அந்த நாப்பது பேரு மாவு குடுப்பானா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவளே சோப்புத்தூளைத் தண்ணீரில் பாதியாகக் கரைத்துத் துணி துவைக்கிறவள். அவளைத் திட்ட அவனுக்கு என்ன யோக்கியதை? நீட்டிய கையை விட்டது அவள் கை அல்ல.

செவ்வாய்க்கிழமை முதல் வேனில் டவுனுக்குப் போனான். இடுப்பு அன்றைக்கு நிஜமாகவே பழிவாங்கியது. வேனில் இருந்து இறங்கும்போதே கண்ணில் தண்ணீர். டாக்டர் படுக்கவைத்து முட்டியை மடக்கியபோது அவன் போட்ட சத்தம் வெளியே வரிசை வரைக்கும் கேட்டது. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஏதோ எழுதினார். அதை எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் போனான்.

"உக்காருங்கப்பா," என்றாள் லுலாமா. கறுப்புக் கோட்டு இல்லாமல் சின்னப்பெண்ணாகத் தெரிந்தாள். "சித்தி வீட்டுல உங்களப் பாத்தேன்."

"ஆமா தாயி."

"சித்தப்பா உங்கள எப்படித் தோண்டி எடுத்தாருன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு அழுகை வந்துருச்சு. அப்புறம் பெரியவர் மண்வெட்டிய நீட்டுறாரு, நீங்க இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. உசுரக் குடுத்தவருக்கு நாலு மண்ணு போட முடியாத உடம்பு. உங்க மூஞ்சிய என்னால பாக்க முடியலப்பா."

வெலிலே மேசையில் இருந்த சின்னத் தேசியக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க தினம் நூறு பேர் வர்றாங்க. வாசல் வரைக்கும் நல்லா நடந்து வந்து, ஜன்னல் கிட்ட வந்ததும் நொண்டுறவங்களையும் பாத்திருக்கேன். எது நடிப்பு எது நெஜம்னு எனக்குத் தெரியும். சரி, வேற ஏதாவது வருமானம் உண்டா?"

"இல்ல."

"கம்பளிக் கொட்டகையில நிக்கிறீங்கன்னு சித்தி சொன்னாங்களே?"

அவனுக்கு அக்குள் நனைந்தது. முடிந்தது என்று நினைத்தான். அவள் காகிதத்தைத் திருப்பி ஒரு கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

"அத இங்க எழுதணும்ப்பா. அதுக்குத்தான் இந்த எடம். இவ்வளவு வரைக்கும் சம்பாதிக்கலாம்னு ஒரு அளவு இருக்கு. நீங்க வருஷத்துல மூணு மாசம், வாரத்துக்கு ரெண்டு நாள் நிக்கிறது அதுக்குக் கிட்டகூட வராது. முடிஞ்ச அன்னைக்குச் செய்றீங்க, முடியாத அன்னைக்குப் படுத்திருக்கீங்க. மறைச்சாத்தான் தப்பு."

"அப்ப ஜ்வாரா கிழவனுக்கு ஏன் நின்னுது? மூட்ட தூக்கினதுக்குத்தான?"

"மூட்டையா? அவருக்கு வருஷம் முடிஞ்சு போச்சு, புதுப்பிக்க வரவே இல்ல. மூணு தடவ கடிதம் போட்டோம்."

ஆபீஸில் சொல்வதை அப்படியே நம்ப வெலிலே முட்டாள் அல்ல. ஆனால் ஜ்வாரா கிழவனை அவனுக்குத் தெரியும். கடிதத்தைப் படிக்காமலே அதில் புகையிலை சுருட்டுகிற ஆள். கட்டமும் காகிதத்தில் அச்சடித்தே இருந்தது. இத்தனை வருஷம் இவன்தான் அதைப் பார்த்துவிட்டுக் கோடு கிழித்துக்கொண்டு வந்தவன்.

"தாயி, அன்னைக்கு என் இடுப்பு..."

"தெரியும்ப்பா. சொல்ல வேண்டாம், விடுங்க," என்று சொல்லி அவள் முத்திரை குத்தினாள். "இனிமே வருஷா வருஷம் இங்க வந்து நிக்க வேண்டாம். டாக்டர் நிரந்தரம்னு எழுதிட்டாரு. எனக்கும் சந்தோஷம்."

அவள் எழுந்து வந்து அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். நல்ல பெண். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

நிரந்தரம் என்ற சேதி வேன் ஊருக்குள் வருமுன்னே வந்துவிட்டது. நொபாந்து அன்றைக்குக் கோழி அடித்தாள். அவன் சாப்பிட்டான். பசித்தது, சாப்பிட்டான். ஆனால் வியாழக்கிழமை கொட்டகைக்குப் போகவில்லை. இடுப்புக்கு என்ன என்று நொபாந்து கேட்டாள். இடுப்புக்கு ஒன்றுமில்லை என்றான். சங்கத்துக்கு மட்டும் ஆள் அனுப்பி, இனிமேல் கூலியைத் தன் பெயரிலேயே எழுதச் சொன்னான்.

புதைத்த மறு சனிக்கிழமை மண்வெட்டி கழுவுகிற நாள். குழி வெட்டிய கடப்பாரை, மண்வெட்டி எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் கழுவி, இரவல் கொடுத்தவர்களுக்குத் திருப்புவார்கள். வேலை செய்தவர்களுக்குச் சாவு வீட்டில் சோள பீர் காய்ச்சி வைத்திருப்பார்கள். மண் போட்டவன் வந்து தொழுவத்தில் உட்கார்ந்து குடிப்பான். போடாதவனை வரவேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அவன் வரமாட்டான், அவ்வளவுதான்.

வெலிலே தொப்பியை எடுத்தபோது நொபாந்து வாசலை மறித்தாள்.

"எங்க போற? காகிதம் கைக்கு வந்தாச்சு. இப்பப் போய் வாயத் தொறந்து கெடுத்துக்காத."

"வாயத் தொறக்கத்தான் போறேன்."

"அவ காதுக்குப் போனா?"

"போகட்டும்."

"போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது," என்றான். அது நிஜம்தான். தெரியாமலேதான் போனான்.

முதலில் புமெஸாவைப் பார்த்தான். கறுப்புப் போர்வையோடு வீட்டுக்குள் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் கையை நீட்டினாள்.

"இடுப்பு எப்படி இருக்கு தோலோ?"

"நல்லாருக்கு. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "எட்டு மாசமா அவரத் தூக்கி வெயில்ல உக்கார வெச்சது யாரு? நான் தூக்கினேனா?"

"அவன்கிட்ட எடை இல்ல புமெஸா."

"மண்ணுக்கு மட்டும் என்ன எடை?"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"எங்கிட்டச் சொல்றது லேசு," என்றாள் அவள். "நான் இந்தப் பாய விட்டு எந்திரிக்கக் கூடாது. நான் என்ன செய்ய முடியும் உன்ன? போ. அங்க போய்ச் சொல்லு."

தொழுவத்தில் ஆண்கள் வயசு வரிசைப்படி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கழுவிய மண்வெட்டிகள் வெயிலில் காய்ந்தன. மேல் வரிசையில், தாம்சாவுக்கு இரண்டு இடம் தள்ளி, வெலிலேயின் இடம் காலியாக இருந்தது. அவன் வாசலிலேயே நின்றான். பேச்சு நின்றது.

"நிரந்தரமாமே அண்ணே," என்றான் தாம்சா.

"ஆமா."

யாரும் சிரிக்கவில்லை. தாம்சாவும் சிரிக்கவில்லை.

வெலிலே தொப்பியைக் கழற்றினான். "மஜோலா பெரியவரே, எல்லாருக்கும் சொல்றேன். அன்னைக்கு என் இடுப்பு வலிக்கல. வியாழக்கிழமை மூட்ட அழுத்தினேன், நீங்க பாத்தீங்க. சனிக்கிழமையும் அதே இடுப்புதான். ஆபீஸ்காரப் பொண்ணு போனத் தூக்கினா. நான் பயந்தேன். மோன்டே கூரை விழும்போது பயப்படல. நான் போனுக்குப் பயந்தேன். அவ்வளவுதான்."

நொபாந்து பேரை அவன் சொல்லவில்லை. கட்டத்தைப் பற்றியும் சொல்லவில்லை. பயந்தது வீண் என்பதைச் சொல்லியிருந்தால் அது சாக்காகிவிடும்.

காற்று சுவரைத் தாண்டி வந்து பீர்ப் பானையின் நுரையை ஒதுக்கியது. பெரியவர் மூக்குப்பொடி டப்பாவை மூடினார்.

"கேட்டாச்சு," என்றார்.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உட்கார் என்றும் இல்லை, போ என்றும் இல்லை. பேச்சு ஆடுகளுக்குத் திரும்பியது. குளிரில் மேட்டில் பதினொரு ஆடு விறைத்துச் செத்ததாம். சொறிக்கு இந்தத் தடவை மருந்து எப்போது வருமோ.

வெலிலே தன் காலி இடத்தைப் பார்த்தான். அங்கே போகவில்லை. வாசல் பக்கம், போன குளிர்காலத்தில்தான் சடங்கு முடிந்து ஆண்களோடு உட்காரத் தொடங்கிய இளவட்டங்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கீழே, சாணி காயாத இடத்தில், இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். இளவட்டங்களுக்குத்தான் சங்கடம். நகர்ந்து இடம் விட்டார்கள், அவன் நகரவில்லை.

பீர்ப் பானை மேலிருந்து சுற்றி வந்தது. ஒவ்வொருவனும் குடித்துவிட்டு வாயைத் துடைத்து அடுத்தவனிடம் கொடுத்தான். தாம்சா குடித்தபோது ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தான். கடைசி இளவட்டம் குடித்துவிட்டு, கொடுக்கலாமா கூடாதா என்று பெரியவர் முகத்தைப் பார்த்தான். பெரியவர் வேறு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பானை வெலிலேயிடம் வந்தது.

அடியில் மண்டிதான் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்து, அதைக் குடித்தான்.